வளையம் இல்லாத சனி

2039 ஏப்ரல் முதல் வாரத்தில் சனிக்கோளின் வளையம் கண்ணுக்குத் தெரியாது என்பது ஐரினுக்கு ஒரு வருடம் முன்பே தெரியும். அந்த வளையத்தின் குறுக்களவு இரண்டே முக்கால் லட்சம் கிலோமீட்டர். தடிமன் சில பத்து மீட்டர்தான். பதினான்கு பதினைந்து வருடத்துக்கு ஒருமுறை அதன் விளிம்பு நேராக பூமியின் பக்கம் திரும்பும்போது, ஒரு தாளை ஓரத்திலிருந்து பார்ப்பதுபோல வளையம் காணாமல் போய்விடும். சில நாட்களுக்கு சனி வெறும் வெளிறிய மஞ்சள் உருண்டை. அதைப் படமெடுக்க மூன்று நாள் விடுப்பு கேட்டிருந்தாள். ஒரு நாள்தான் கிடைத்தது.

ஐரின் செல்வகுமாரி ஆவுடைநல்லூர் அரசு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வயது நாற்பத்து மூன்று. பிள்ளைகள் இல்லை. கணவர் ஜெபராஜ் காற்றாலைக் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். கல்யாணமான நான்காம் வருடம் மனைவிக்காக மொட்டைமாடியில் கான்கிரீட் தூண் ஒன்று எழுப்பிக் கொடுத்தவர் அவர்தான். அந்தத் தூணின்மேல் பத்து அங்குலக் கண்ணாடி வைத்த தொலைநோக்கி உட்கார்ந்திருந்தது. கண்ணை வைத்துப் பார்க்கும் இடத்தில் ஒரு சின்னக் கேமரா, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு வயர்.

அன்று ஏழரை மணிக்குக் கிழக்கு வானில் சனி பாதி உயரம் ஏறியிருந்தது. திரையில் உருண்டை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் நான்கு நிலாக்கள், கோடு போட்டு வைத்தாற்போல ஒரே வரிசையில். உருண்டையின் மேல் ஒரு சிறிய கரும்புள்ளி. டைட்டன் என்ற பெரிய நிலாவின் நிழல் அது. மூன்று நிமிடம் வீடியோ எடுத்து, 'சனி' என்று பெயர் போட்டுத் தெளிவியிடம் கொடுத்தாள்.

தெளிவி அந்நாளில் எல்லோரிடமும் இருந்தது. மங்கலான எந்தப் படத்தைக் கொடுத்தாலும் துலக்கித் தரும் மென்பொருள். கல்யாண ஸ்டூடியோக்காரர்களும் பத்திரம் எழுதுபவர்களும் அதைத்தான் வைத்திருந்தார்கள். நான்கு நொடியில் படம் வந்தது.

ஜெபராஜ் சுக்குக்காப்பியோடு மேலே வந்து எட்டிப் பார்த்தார்.

"ஏ, அருமையா வந்திருக்கே!"

"வளையத்தப் பாத்தீங்களா?"

"பாக்காம? நடுவுல அந்தக் கறுப்புக் கோடு வரைக்கும் தெரியுதுல்லா."

"இன்னைக்கு வளையம் கிடையாதுங்க."

அவர் திரையைப் பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். "அப்ப இது?"

"அதுவா போட்டுக்கிச்சு."

ஐரின் முதலில் சிரித்தாள். பிறகு திரையை நெருங்கிப் பார்த்தாள். டைட்டனின் நிழலைக் காணோம். அழுக்கு என்று நினைத்துத் தெளிவி துடைத்துவிட்டிருந்தது. இல்லாததைச் சேர்த்து, இருந்ததை எடுத்துவிட்ட படம். அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

வான்படக்காரர்களின் குழு ஒன்றில், தான் எடுத்ததையும் தெளிவி தந்ததையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நான்கு வரி எழுதிப் போட்டாள். ஏழெட்டுப் பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் எக்ஸ்ரே அறை வாசலில் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டபடி ஒருவர் நின்றார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும்.

"மேடம், நான் தாஹிர். வக்கீல். நீங்க சனிக்கிரகத்தப் பத்தி எழுதினத எங்க மச்சான் காட்டினாரு. அத நீங்க கோர்ட்ல வந்து சொல்லணும்."

"சனிக்கிரகத்துக்கு என்ன கேஸ்?"

"கொலைக் கேஸ் மேடம்."

அவர் சொன்னது இது. போன செப்டம்பரில் கடைத்தெருவில் மாட்டுத்தீவனக் கடை மாசிலாமணி என்ற பெரியவர், கடை வாசலில் மண்டை உடைந்து இறந்து கிடந்தார். மாலை ஏழேகால் மணி. மின்வெட்டு. மகன் ஒரு கல்யாண வரவேற்புக்குப் போயிருந்தான். எதிர்ப்புற மருந்துக் கடையின் கேமரா பாட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இருட்டு வீடியோவில் படிக்குப் பக்கத்தில் ஓர் உருவம். முகம் இருக்க வேண்டிய இடம் பன்னிரண்டு பிக்சல் புள்ளி அகலம்கூட இல்லை. விசாரித்தவர்கள் அதைத் தெளிவியிடம் கொடுத்தார்கள். முகம் வந்தது. அந்த முகத்தை மாநில முகப் பதிவேட்டில் இந்த வட்டார ஆட்களுக்குள் தேடினார்கள். கொம்பையா என்று பதில் வந்தது, நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பொருத்தத்தோடு.

"கொம்பையா யாரு?"

"லோடு ஆட்டோ ஓட்டுறவரு. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி கடைய மறைச்சு வண்டிய நிப்பாட்டினார்னு பெரியவரோட வாய்ச்சண்டை. ஊரே பாத்திருக்கு. சம்பவத்தன்னைக்கு வீட்டுல தனியாப் படுத்திருந்தேங்கிறாரு. சாட்சி கிடையாது. ஏழு மாசமா உள்ள இருக்காரு."

"போஸ்ட்மார்ட்டத்துல என்ன சொன்னாங்க?"

"விழுந்தும் இருக்கலாம், அடிச்சும் இருக்கலாம்னு டாக்டர் எழுதியிருக்காரு. முகம் வந்தப்புறம் அந்த வரிய யாரும் வாசிக்கல." தாஹிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். "தெளிவி எப்படி வேலை செய்யுதுன்னு எனக்கு ஒருதரம் சொல்லுங்க. ஜட்ஜுக்குப் புரியிற மாதிரி."

ஐரின் யோசித்தாள். "நாங்க பழைய முறையில படம் எடுக்கிறது எப்படின்னா, ஒரு பிரேம்ல ஒண்ணும் தெரியாது. காத்து ஆடிக்கிட்டே இருக்கும். அஞ்சாயிரம் பிரேம் எடுத்து, ஆடாம இருக்கிற ஐநூறப் பொறுக்கி, ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கி சராசரி எடுப்போம். நிஜமா அங்க இருக்கிறது எல்லாத்துலயும் இருக்கும், அதனால அது நிக்கும். மத்தது கரைஞ்சு போயிரும். அதுல மங்கலா வந்தா மங்கலாத்தான் இருக்கும். தெளிவி அப்படி விடாது. அது லட்சக்கணக்குல சனிப் படம் பாத்திருக்கு. சனின்னா இப்படித்தான் இருக்கும்னு ஒரு நினைப்பு வச்சிருக்கு. தெரியாத இடத்த அந்த நினைப்ப வச்சு நிரப்பிரும்."

"முகத்துக்கும் அப்படித்தானா?"

"வேற எப்படி இருக்க முடியும்?"

"அவ்வளவுதான் மேடம். இத அங்க வந்து சொல்லுங்க."

"நான் எக்ஸ்பர்ட் இல்ல சார். பிளஸ் டூ முடிச்சு எக்ஸ்ரே டிப்ளமோ. நான் சொன்னா எவன் கேப்பான்?"

தாஹிர் வாசலைப் பார்த்தார். பெஞ்சில், கையில் டோக்கன் எதுவும் இல்லாமல், ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கொம்பையாவின் மனைவி முத்துசெல்வி. ஐரின் வெளியே வந்ததும் எழுந்து நின்றாள்.

"யக்கா, அந்தப் படத்த போலீஸ்ல எங்கிட்ட காட்டினாக. எங்க வீட்டுக்காரரு மாதிரியேதான் இருக்கு. ஆனா அவருக்கு இடது புருவத்துல ஒரு வெட்டுத் தழும்பு உண்டு. அது அதுல இல்ல. நான் சொன்னேன். இருட்டுல தெரிஞ்சிருக்காதுன்னுட்டாக."

ஐரினுக்கு டைட்டனின் நிழல் நினைவுக்கு வந்தது. வருகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் தன்னுடைய சிக்கல் அவளுக்கு உறைத்தது.

இரண்டு வருடம் முன்பு, வியாழனின் நிலாவான கானிமீடை அவள் எடுத்த படத்துக்கு அகில இந்திய அளவில் முதல் பரிசு கிடைத்திருந்தது. மொட்டைமாடித் தொலைநோக்கியில் ஒரு நிலாவின் தரையையே பிடித்துவிட்டார் என்று எழுதினார்கள். கானிமீடின் கீழ்ப்பாதியில் நட்சத்திரம்போலத் தெறித்த ஒரு வெள்ளைத் தழும்பு அதில் தெளிவாகத் தெரிந்தது. ஜெபராஜின் ஆபீஸில் அதைப் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருந்தார்கள். அந்தப் படத்தையும் தெளிவிதான் துலக்கிக் கொடுத்தது. போட்டி விதி அதை அனுமதித்திருந்தது. பழைய வீடியோக்கள் ஒரு பெட்டியில் இருந்தன. அவற்றைப் பழைய முறையில் அடுக்கிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இந்த இரண்டு வருடத்தில் பலமுறை வந்ததுண்டு. ஒருமுறையும் அவள் செய்யவில்லை.

அன்று மாலையே செய்தாள். சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாணி வந்தது. அதில் இரண்டு திட்டுகள். வெள்ளைத் தழும்பு இல்லை. சலிக்கும் அளவை மாற்றி, வேறு வேறு பிரேம்களைப் பொறுக்கி, நான்கு தடவை போட்டுப் பார்த்தாள். நான்கு தடவையும் அதே பட்டாணி.

ஜெபராஜ் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத யாருக்கும் காட்டணும்னு என்ன இருக்கு? உங்கிட்ட யாரும் கேக்கலியே."

"கோர்ட்ல கேப்பாங்க."

"கேட்டா, அது வேற இது வேறன்னு சொல்லு."

"வேற வேற இல்லியே."

"ஐரின், அந்தாள நமக்குத் தெரியுமா? அவன்தான் கொன்னானா இல்லையான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாத ஒருத்தனுக்காக உன் பேரக் கெடுத்துக்கப் போற."

அவள் லேப்டாப்பை மூடினாள். சாப்பிடும்போதுகூட ரசத்தை நகர்த்து என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை.

செஷன்ஸ் கோர்ட்டில் நீதிபதி ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா. சாட்சி நிபுணர் அல்ல என்று அரசு வக்கீல் ஆட்சேபித்தார். "எக்ஸ்ரே எடுக்கிறவங்களுக்கு மங்கல் படம்னா என்னன்னு தெரிஞ்சிருக்கும். பேசட்டும்," என்றார் நீதிபதி.

ஐரின் இரண்டு சனிப் படங்களையும் காட்டிச் சொல்லி முடித்தாள். அரசு வக்கீல் பொறுமையாக எழுந்தார்.

"வளையம் இருந்தாலும் அது சனி. இல்லாட்டியும் அது சனி. சரிதானே?"

"சரிதாங்க."

"அப்ப தெளிவி ஆள மாத்திச் சொல்லலியே? கொஞ்சம் நகை கூடப் போட்டுவிட்டுச்சு, அவ்வளவுதான்."

கோர்ட்டில் சிலர் சிரித்தார்கள்.

"சனின்னு அது கண்டுபிடிக்கல சார். நான்தான் சனின்னு பேர் போட்டுக் கொடுத்தேன். எதத் தேடணும்னு நாம முதல்லயே சொல்லிருவோம். கோள், முகம், வண்டி நம்பர்னு அதுல தனித்தனியா இருக்கு. போலீஸ்ல முகம்னு சொல்லிக் கொடுத்திருக்காங்க. முகம்னு சொல்லிட்டா முகம்தான் வரும்."

"எதக் கொடுத்தாலும் முகம் வந்துருமா?" என்று நீதிபதி கேட்டார்.

"நான் முகத்துக்குச் செஞ்சு பாத்ததில்லம்மா."

தெளிவி கம்பெனியிலிருந்து பார்கவன் என்ற பொறியாளர் வந்திருந்தார். அவருடைய லேப்டாப்பிலேயே செய்துபார்க்கும்படி நீதிபதி உத்தரவிட்டார். ஐரின் தனியாக எடுத்து வைத்திருந்த டைட்டன் நிலாவின் வீடியோவை அவர் வாங்கினார். இருட்டில் ஒரே ஒரு வெளிச்சப் பொட்டு, நடுங்கிக்கொண்டு. 'முகம்' என்பதைத் தொட்டார்.

நான்கு நொடியில் ஒரு பெண்ணின் முகம் வந்தது. அகன்ற நெற்றி, சற்றே இடுங்கிய கண்கள், மூடிய உதடு. ஐம்பது வயது மதிக்கலாம். பஸ்ஸில் எதிரே உட்கார்ந்திருந்தால் எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றும் முகம்.

"இது யாரு?" என்றார் நீதிபதி.

"யாரும் இல்லம்மா," என்றாள் ஐரின். "சனியோட நிலா."

"பதிவேட்டுல தேடச் சொல்லுங்க."

தேடினார்கள். நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பொருத்தத்தோடு ஒரு பெயரும் முகவரியும் வந்தன. பார்கவன் வாயைத் திறப்பதற்குள் நீதிபதி கையைக் காட்டினார். "பேர வாசிக்காதீங்க. அந்தம்மாவுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

நாற்பது புள்ளிக்குக் குறைந்த முகங்களுக்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கம்பெனிக் கையேட்டில் எழுதியிருப்பதாகப் பார்கவன் தாழ்ந்த குரலில் சொன்னார். எத்தனையாவது பக்கம் என்று நீதிபதி கேட்டார். இருநூற்றுப் பதினொன்று.

அரசு வக்கீலுக்கு ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. அதைக் கேட்டார்.

"நீங்க ரெண்டு வருஷம் முன்னாடி பரிசு வாங்கின படம் தெளிவியில செஞ்சதுதானே? அப்ப அது பொய்யா, இல்ல இப்ப நீங்க சொல்றது பொய்யா?"

"அந்தப் படம் தப்பு சார். அதுல தெரியிற வெள்ளைத் தழும்ப என் கேமரா பாக்கல. போன வாரம்தான் சரிபார்த்தேன். முன்னாடியே பாத்திருக்கணும்."

"பரிச வாங்கிட்டு இப்ப சொல்லுதீங்க."

"ஆமா சார்."

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு வந்தது. சந்தேகத்தின் பலனைக் கொம்பையாவுக்கு அளித்து விடுதலை. முத்துசெல்வி மருத்துவமனைக்கு வந்து ஐரினின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கொம்பையா வாசலுக்கு வெளியிலேயே நின்று கும்பிட்டார். புருவத் தழும்பு தூரத்திலிருந்தே தெரிந்தது.

விதி அனுமதித்திருந்தாலும், பரிசைத் திருப்பி அனுப்பச் சொல்லி அடுத்த வாரம் போட்டி நடத்தியவர்களிடமிருந்து கடிதம் வந்தது. 'மாடியில் நடந்த மோசடி' என்று ஒரு செய்தித்தளம் தலைப்புப் போட்டது. குழுவில் பழகியவர்கள் வாழ்த்தும் சொல்லவில்லை, வையவும் இல்லை. அவரவர் பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெபராஜ் ஆபீஸிலிருந்து ஒரு பெரிய சட்டகத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்து பீரோவுக்குப் பின்னால் வைத்தார். "நானே கழட்டிட்டேன். இன்னொருத்தன் கழட்டுறதுக்கு முன்னாடி," என்றார். அதில் கோபம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அவர்கள் ஆராதனை முடிந்து கோயிலிலிருந்து திரும்பும்போது, வாசலில் ஒரு ஆள் காத்திருந்தார். நாற்பத்தைந்து வயது. சட்டைத் தோளில் தவிட்டுத் தூள்.

"நான் சிதம்பரவேலு. மாசிலாமணி மகன்."

ஜெபராஜ் முன்னால் வந்து நின்றார். "என்ன விஷயம்?"

"சண்டைக்கு வரல சார்." அவர் ஐரினைப் பார்த்தார். "ஏழு மாசம் ஒரு மூஞ்சிய நினைச்சுக்கிட்டு இருந்தேன் மேடம். தூங்கும்போதும் அந்த மூஞ்சிதான். நீங்க வந்து அது இல்லன்னுட்டீங்க. சரி. நான் ஒத்துக்கிடுதேன். அப்ப எங்கப்பாவக் கொன்னது யாரு?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க பழைய முறைன்னு சொன்னீங்களே. ஒண்ணுமேல ஒண்ணா அடுக்குறது. அதுல இத போட்டுப் பாருங்க." சட்டைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்தார். "மருந்துக் கடைக்காரன் என் சேக்காளி. அந்த வாரம் முழுக்க உள்ள வீடியோவ அழிக்காம வச்சிருந்தான், இதுல இருக்கு. போலீஸ்ல பதினோரு நிமிஷம்தான் வாங்கிட்டுப் போனாங்க."

"ஒண்ணுமே வராமப் போகலாம். வந்தாலும் முகம் வராது."

"எது வருதோ அது வரட்டும்."

அவள் ஜெபராஜைப் பார்த்தாள். அவர் பென்டிரைவைத் தானே வாங்கிக்கொண்டார்.

வேலை இரண்டு மாலைகள் பிடித்தது. பதினோரு நிமிடத்தில் பதினாறாயிரம் பிரேம்கள் இருந்தன. மருந்துக் கடைக் கேமரா காற்றில் ஆடியிருந்தது. கோளைக் காற்று ஆட்டுவதற்கும் இதற்கும் கணக்கில் வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆடாதவற்றைப் பொறுக்கினாள். அடுக்கினாள். ஜெபராஜ் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

உருவம் மெல்ல இறுகி வந்தது. தோள் என்று நினைத்த இடம் நேர்க்கோடாக இருந்தது. கைபோலத் தெரிந்தது ஒரு மடிப்பு. தலைக்கு மேலே ஒரு கயிறு. கீழே காலே இல்லை. தரைக்கு ஒரு சாண் மேலே உருவம் முடிந்துவிட்டது.

"ஆளு மாதிரி இல்லியே," என்றார் ஜெபராஜ்.

ஐரின் சம்பவத்துக்கு முந்தின நாள் வீடியோவைத் திறந்தாள். அதே நேரம். அன்று கரண்ட் இருந்தது. பெரியவர் வெளியே அடுக்கியிருந்த மூட்டைகளை மூட, கூரையில் சுருட்டிக் கட்டியிருந்த படுதாவின் ஒரு பக்கத்தை அவிழ்த்துவிட்டார். அது கீழே தொங்கி ஆடியது. அதற்கு முந்தின நாளும் அப்படியே. அதற்கு முந்தின நாளும். வெளிச்சத்தில் எடுத்த படத்தையும் இருட்டில் அடுக்கிய படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தாள். விளிம்புக்கு விளிம்பு பொருந்தியது.

முந்தின நாட்களின் வீடியோவை யாரும் திறந்தே பார்த்திருக்கவில்லை. முகம் கிடைத்த பிறகு அதற்கு அவசியம் இல்லாமல் போயிருந்தது.

இன்னொன்றும் செய்தாள். இருட்டில் ஏதோ சரிவது மட்டும் தெரிந்த நொடியை வைத்து, பெரியவர் விழுவதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தைத் தனியாகவும், விழுந்த பிறகான ஐந்து நிமிடத்தைத் தனியாகவும் அடுக்கினாள். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால், கீழே கிடந்தவரை விட்டால் ஒன்றே ஒன்றுதான் இடம் மாறியிருந்தது. கடையின் மேல்படிக் கல். அதன் ஒரு முனை மூன்று புள்ளி உயர்ந்து, மறு முனை இறங்கியிருந்தது.

புதன்கிழமை மாலை சிதம்பரவேலு வந்தார். அவள் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினாள். படுதா. கயிறு. முந்தின நாள் படம். கடைசியாகக் கல். அவர் கல்லை மட்டும் மறுபடி காட்டச் சொன்னார். காட்டினாள். இன்னொரு தடவை என்றார்.

"யாரும் வரல," என்றாள் ஐரின். "படியில கால் வச்சிருக்காங்க. கல்லு புரண்டிருக்கு. கீழ இருந்த இரும்பு எடைமேடையில தலை அடிச்சிருக்கும். எனக்கு இதுக்குமேல தெரியல."

"அந்தக் கல்லு ஆடுதுன்னு அப்பா ரெண்டு மாசமாச் சொல்லிக்கிட்டே இருந்தாக." அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "கொத்தனாருக்குச் சொல்லியிருக்கேன், வரலன்னேன். தினம் கேப்பாக. நான் கொத்தனாரக் கூப்பிடவே இல்ல மேடம். ஒரு போனு. பண்ணல."

ஜெபராஜ் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சிதம்பரவேலு தொடவில்லை.

"கொம்பையா இப்ப என்ன பண்ணுதான்?"

ஐரின் தயங்கினாள். "லோடு கிடைக்கலயாம். சந்தேகத்தின் பலன்னுதானே தீர்ப்புல இருக்கு. தப்பிச்சிட்டான்னுதான் ஊருல பேசுறாங்கன்னு முத்துசெல்வி சொன்னா. வேற ஊருக்குப் போகலாமான்னு யோசிக்காங்க."

"இத போலீஸ்ல கொடுப்பீங்களா?"

"வக்கீல்கிட்ட கேட்டேன். கொடுக்கலாம், வாங்கி வச்சுக்குவாங்க, கேஸ் முடிஞ்சுபோச்சு, திரும்ப யாரும் எடுக்க மாட்டாங்கன்னாரு. அதனால..." அவள் நிறுத்தினாள். "இது உங்க வீட்டுப் படம். உங்ககிட்ட கேக்காம யாருக்கும் காட்ட மாட்டேன். ஆனா காட்டுனா நல்லதுன்னு நினைக்கேன்."

சிதம்பரவேலு படத்தை அச்சுப் போட்டுத் தரக் கேட்டார். படுதா தெரிவது ஒன்று, கல் புரண்டது ஒன்று. வாங்கிக்கொண்டு, போய்ட்டு வாரேன் என்றுகூடச் சொல்லாமல் படியிறங்கினார்.

"கிழிச்சுப் போட்டுருவான்," என்றார் ஜெபராஜ். "நானா இருந்தா அதத்தான் செய்வேன்."

ஐரினும் அப்படித்தான் நினைத்தாள். மறுநாளும் அதற்கு மறுநாளும், முத்துசெல்விக்குப் போன் செய்யலாமா என்று எண்ணி எண்ணி விட்டுவிட்டாள்.

சனிக்கிழமை டியூட்டி முடிந்து கடைத்தெரு வழியாக வரும்போது மாட்டுத்தீவனக் கடை வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் இரண்டு படங்களும் பெரிதாக்கி ஒட்டப்பட்டிருந்தன. கீழே அட்டையில் கறுப்புப் பெயிண்டால், கடைக்கு விலைப்பட்டியல் எழுதுகிற அதே கையெழுத்தில் எழுதியிருந்தது:

'12.9.2038 மாலை இந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. நீங்கள் பார்ப்பது படுதா. படிக்கல் புரண்டு என் தகப்பனார் விழுந்து இறந்தார். கல் ஆடுவது இரண்டு மாதமாக எனக்குத் தெரியும். மா. சிதம்பரவேலு.'

கடைக்குள் சிதம்பரவேலு குனிந்து சாக்கிலிருந்து தவிடு அள்ளிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் ஒரு பெண் பக்கத்தில் நின்றவரிடம் கேட்டாள்.

"அப்ப அந்தப் பெரியவர யாருதான் கொன்னது?"

"வாசிச்சியா இல்லியா? யாரும் வரலன்னுதான் போட்டிருக்கு."

"யாருமே இல்லாம எப்படிய்யா?"

சிதம்பரவேலு நிமிர்ந்தார். கையில் இருந்த முறத்தோடு வாசல்வரை வந்தார்.

"கீழ ஒரு பேரு போட்டிருக்குல்லா," என்றார். "அதையும் வாசிங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய், நிறுத்திய இடத்திலிருந்து தவிட்டை அள்ளத் தொடங்கினார்.